ஆஸ்பத்திரி க்யூ ஏன் நகரல? அறிகுறிய வெச்சு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

ஓபி ஹால்ல கால் வைக்க இடமில்லன்னா மீட்டிங்ல எல்லாரும் ஒரே குரல்ல சொல்றது "ஆள் பத்தல சார், இன்னும் ரெண்டு டாக்டர் போடணும்". சில சமயம் அது உண்மைதான், ஆனா ஆள் போட்டதுக்கு அப்புறமும் கூட்டம் அப்படியே நிக்கிறத நான் பல தடவ பாத்துட்டேன், ஏன்னா கூட்டத்துக்கு காரணம் வேற எங்கயோ இருந்துச்சு. க்யூயிங் தியரின்னா, அதாவது வரிசைல காத்திருக்குறத பத்தின கணக்குன்னா, பயந்துக்க வேண்டாம், கூட்டல் கழித்தல் வகுத்தல் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதிருக்கேன், உங்க இடத்துல எது பொருந்துதோ அங்க நேரா போங்க. ஆனா முதல் பகுதிய மட்டும் தாண்டிப் போகாதீங்க.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி: தலைய எண்ணுங்க

சாஃப்ட்வேர் ரிப்போர்ட்ல வர்ற "சராசரி காத்திருப்பு நேரம்"ங்கிற நம்பர முதல் நாளே நம்பிடாதீங்க. அது டோக்கன் போட்ட நிமிஷத்துல இருந்துதான் ஓடும், ஆளு வாசல்ல நுழைஞ்ச நிமிஷம் அதுக்குத் தெரியாது. ஒரு அரை ஏ4 பேப்பர்ல நாலு கட்டம் போட்டு (வந்த நேரம், சீட்டு வாங்குன நேரம், ரூமுக்குள்ள கூப்பிட்ட நேரம், வெளிய வந்த நேரம்) வாசல்ல நிக்கிற ஒருத்தர விட்டு ஆளுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க, கடைசில திரும்ப வாங்கிக்கிங்க. ரெண்டு நாள் போதும்.

அந்தப் பேப்பர் கைல இல்லன்னாலும் ஒரு வழி இருக்கு. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்ச விதி: உள்ள இருக்குற ஆளுங்க சராசரி எண்ணிக்கை = மணிக்கு எத்தன பேர் வர்றாங்க × ஒருத்தர் சராசரியா எவ்ளோ நேரம் உள்ள இருக்காரு. அவ்ளோதான். யாரு முதல்ல போறாங்க, எத்தன டாக்டர், எவ்ளோ தாறுமாறா வர்றாங்கன்னு எதுவும் தேவையில்ல. காலைல ஹால் காலியா தொடங்கி சாயந்திரம் காலியா முடியுதுன்னா அந்த நாளுக்கு இது அச்சு பிசகாம வரும்.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல ரிப்போர்ட் 35 நிமிஷம்னு காட்டுச்சு, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. நான் அரை மணிக்கு ஒரு தடவ போய் தலைய எண்ணுனேன், நாள் முழுக்க சராசரி 64 பேர். மணிக்கு 32 பேர் வர்றாங்க. 64-ஐ 32-ஆல வகுத்தா 2 மணி நேரம்! மீதி ஒன்றரை மணி நேரம் எங்க போச்சுன்னு தேடுனா, பழைய ஃபைல் எடுக்குற ரூம் பக்கத்துல சுவத்தோரமா ஒரு வரிசை, ஃபைல் கிடைச்சாதான் டோக்கன், டோக்கன் போட்டாதான் கம்ப்யூட்டர்ல ஆளு பிறக்குறாரு. அந்த சுவத்துல தோள் சாஞ்சு சாஞ்சு பெயிண்ட் போயிருந்துச்சு, அத பாத்திருந்தாலே போதும், கணக்கே தேவையில்ல.

அறிகுறி: டாக்டர் நடுநடுவுல சும்மா இருக்காரு, ஆனாலும் வெளிய க்யூ நீளுது

இதுதான் நிர்வாகத்துக்கு சுத்தமா புரியாத விஷயம். "ஒரு மணி நேரத்துல 57 நிமிஷம்தான் வேலை, 3 நிமிஷம் ஃப்ரீ, அப்புறம் எப்படி க்யூ வரும்?" அந்த 3 நிமிஷம் மட்டும்தான் ஃப்ரீங்கிறதாலதான் வருது.

ஒரு டாக்டர், ஒரு பேஷண்ட்டுக்கு சராசரி 10 நிமிஷம், ஆளுங்க இஷ்டத்துக்கு வர்றாங்க, பாக்குற நேரமும் கூடக்குறைய இருக்குன்னு வெச்சுக்கோங்க. டாக்டரோட நேரத்துல 50 சதவீதம் வேலை இருந்தா சராசரி காத்திருப்பு 10 நிமிஷம். 80 சதவீதம்னா 40 நிமிஷம். 90-ன்னா 90 நிமிஷம். 95-ன்னா 190 நிமிஷம். 80-ல இருந்து 95-க்கு வேலை கொஞ்சம்தான் கூடுது, காத்திருப்பு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஆயிடுது. காரணம் சிம்பிள்: ஒன்பதரை மணிக்கு யாரும் வராம டாக்டர் சும்மா இருந்த அஞ்சு நிமிஷத்த எடுத்து வெச்சு பத்து மணிக்கு ஆறு பேர் ஒண்ணா வரும்போது செலவு பண்ண முடியாது. போன நேரம் போனதுதான். ஆனா சேந்த கூட்டம் மட்டும் அப்படியே நிக்கும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில இருந்த எர்லாங் 1909-லயே போன் கால்களுக்கு இந்தக் கணக்க ஆரம்பிச்சாரு, எக்ஸ்சேஞ்ச்ல எத்தன லைன் போடணும்னு அவருக்கு வந்த தலைவலியும் நமக்கு இப்ப இருக்குற தலைவலியும் ஒண்ணுதான்.

செக் பண்ற விதம்: ஒரு டாக்டருக்கு மணிக்கு வர்ற ஆளுங்க × ஒருத்தருக்கு ஆகுற நிமிஷம், அத 60-ஆல வகுங்க. 0.85-க்கு மேல போச்சுன்னா வேற எதையும் தேடாதீங்க, இதுதான் வியாதி.

சரி பண்றதுக்கு புது டாக்டர் கட்டாயம் இல்ல. மணிக்கு 5.7 பேர், ஆளுக்கு 10 நிமிஷம், அதாவது 95 சதவீதம், காத்திருப்பு 190 நிமிஷம்னு பாத்தோம்ல, அங்க டாக்டர் ஒவ்வொருத்தருக்கும் வெறும் 30 செகண்ட் மிச்சம் பண்ணா, அதாவது 9.5 நிமிஷம் ஆனா, காத்திருப்பு சுமார் 88 நிமிஷத்துக்கு இறங்கிடும். 30 செகண்ட்! பிபி பாக்குறது, எடை எழுதுறது, பழைய மருந்துச் சீட்ட தேடுறது, லீவு லெட்டர்ல சீல் குத்துறது, இதெல்லாம் ரூமுக்கு வெளிய ஒரு சிஸ்டர்கிட்ட போயிட்டாலே 30 செகண்டுக்கு மேல கிடைக்கும். ஒரு எச்சரிக்கை, இந்த நம்பர் எல்லாம் க்யூ ரொம்ப நேரம் ஓடி நிலைச்சப்புறம் வர்ற சராசரி, நாலு மணி நேரமே நடக்குற ஓபில 190 வரைக்கும் போறதுக்குள்ள ஓபியே முடிஞ்சிடும், அதனால உங்க நம்பர் இதவிட கம்மியா இருக்கும், ஆனா எது கூடும் எது குறையும்ங்கிறது மாறாது.

இன்னொரு திருகாணியும் இருக்கு, அது ஏற்ற இறக்கம். அதே 80 சதவீத வேலைல, பாக்குற நேரம் எல்லாருக்கும் கரெக்ட்டா 10 நிமிஷமா இருந்தா காத்திருப்பு 40-க்கு பதிலா 20 நிமிஷம்தான். பாதி! அதனால 3 நிமிஷ டிரெஸ்ஸிங்கும் 25 நிமிஷம் உக்காந்து பேச வேண்டிய கேஸும் ஒரே வரிசைல கலந்து போகுதுன்னா பிரிச்சு விடுங்க. ஆளு கூட்டாமலே கிடைக்குற லாபம் இது, ஆனா மீட்டிங்ல யாரும் இத பத்தி வாயத் திறக்க மாட்டாங்க.

அறிகுறி: கணக்குப்படி லோடு கம்மி, ரூம் முன்னாடி மட்டும் கூட்டம் குறையவே மாட்டேங்குது

மேல சொன்ன மாதிரி கணக்கு போட்டீங்க, 0.75 வந்துச்சு, "அப்ப பிரச்சனையே இருக்கக் கூடாதே"ன்னு குழம்புறீங்க. கதவு பக்கத்துல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. கைல எக்ஸ்ரே கவர், லேப் பேப்பர் வெச்சுக்கிட்டு "நான் ஏற்கனவே பாத்துட்டேன், ரிப்போர்ட் மட்டும் காட்டணும்"னு கதவிடுக்குல தலைய நீட்டுறவங்க எத்தன பேருன்னு எண்ணுங்க.

மணிக்கு 9 புது ஆளுங்க, ஆளுக்கு 5 நிமிஷம், 45 நிமிஷ வேலை, அதுதான் உங்க 0.75. இதுல பாதிப் பேர் ரிப்போர்ட்டோட திரும்ப வர்றாங்க, ஆளுக்கு 3 நிமிஷம், அது ஒரு 13.5 நிமிஷம். ஆக மொத்தம் 58.5. மணிக்கு 60 நிமிஷத்துல 58.5 நிமிஷம் வேலை, 0.975. கம்ப்யூட்டர் டோக்கன மட்டும் எண்ணுச்சு, திரும்பி வர்றவங்களுக்கு டோக்கனே இல்ல, அதனால அவங்க கணக்குலயே இல்ல.

மாத்த வேண்டியது: சுகர், தைராய்டு மாதிரி எப்பவும் அதே டெஸ்ட்தான் கேப்பாங்கன்னு தெரிஞ்ச பழைய பேஷண்ட்டுக்கு டாக்டர பாக்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துடுங்க (டாக்டர் முன்கூட்டியே எழுதி வெச்ச உத்தரவு இருக்கணும், சும்மா யாரும் எடுக்கக் கூடாது), ரெண்டு நுழைவு ஒண்ணாயிடும். மீதிப் பேருக்கு ரிப்போர்ட் பாக்க தனி நேரம், இல்லன்னா ஜூனியர் டாக்டர் ஒருத்தர் முதல்ல பாத்து நார்மலா இருந்தா அங்கயே அனுப்புறது. திரும்ப வர்றவங்களுக்கும் ஒரு டோக்கன் சீரிஸ் போட்டு கணக்குல கொண்டு வாங்க, கதவுல நடக்குற சண்டையும் சேந்து குறையும்.

அறிகுறி: காலைல திருவிழாக் கூட்டம், மதியம் மூணு மணிக்கு மேல ஈ ஓட்டுறாங்க

இங்க சராசரி உங்கள ஏமாத்தும். நாள் முழுக்க பாத்தா ஆள் போதும், ஆனா ஒன்பது மணிக்கு கவுண்டர் திறக்கும்போதே வாசல்ல 60 பேர். ரெண்டு கவுண்டர், ஒண்ணுக்கு மணிக்கு 20 பேர், ஆக 40. திறந்ததுக்கு அப்புறம் மணிக்கு 30 பேர் வந்துக்கிட்டே இருக்காங்க. அப்ப க்யூ மணிக்கு 10 பேர்தான் குறையும், 60 கரைய 6 மணி நேரம், சாயந்திரம் 3 மணி. காலைல திறக்குறப்ப இருந்த ஒரு குவியலோட வால் மூணு மணி வரைக்கும் நீளுது, பன்னெண்டு மணிக்கு வந்தவரு எட்டு மணிக்கு வந்தவங்களோட பாவத்த சுமக்குறாரு.

இப்ப முதல் ரெண்டு மணி நேரம் மட்டும் மூணாவது கவுண்டர் திறங்க. மணிக்கு 60, வரவு 30, க்யூ மணிக்கு 30 குறையும், 11 மணிக்கு காலி. நாள் முழுக்க ஒரு ஆள் தேவையில்ல, ரெண்டே மணி நேரம். மதிய ஷிஃப்ட்ல சும்மா உக்காந்திருக்குறவர காலைக்கு மாத்துனாலே போதும், ஆனா ட்யூட்டி சார்ட்ட மாத்துறதுங்கிறது தியரி இல்ல, அரசியல், அதுக்கு நான் பொறுப்பில்ல.

இதே குடும்பத்துல இன்னொண்ணு, டாக்டர் லேட். 6 நிமிஷத்துக்கு ஒருத்தர் வர்றாரு, 5 நிமிஷத்துல பாத்து அனுப்புறாங்க, டாக்டர் அரை மணி நேரம் லேட். ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் 1 நிமிஷம்தான் மீட்க முடியும், 30 நிமிஷம் மீட்க 30 பேர் பாக்கணும், 30 பேருக்கு 150 நிமிஷம். அரை மணி லேட்டோட விலை ரெண்டரை மணி நேரம். ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வர்றதால எப்பவும் ஒன்பதரைதான் ஆகுதுன்னா ஓபிய ஒன்பதரைன்னே போட்டுடுங்க, போர்டுல ஒன்பதுன்னு எழுதி வெக்கிறதுல யாருக்கும் புண்ணியம் இல்ல.

அப்பாயின்மென்ட் முறை வெச்சிருக்கவங்களுக்கு: எல்லாரையும் 9 மணிக்கு வாங்கன்னு சொல்றது டாக்டர் ஒரு நிமிஷம் கூட சும்மா இருக்கக் கூடாதுங்கிற பயத்துல வந்த பழக்கம். நார்மன் பெய்லிங்கிற புள்ளியியல்காரர் 1952-லயே இதுக்கு ஒரு வழி சொன்னாரு, ஆரம்பத்துல 2 பேர வரச் சொல்லுங்க, அப்புறம் சராசரியா ஒருத்தருக்கு ஆகுற நேரத்துக்கு ஒருத்தர்னு வரச் சொல்லுங்க. முதல் ஆள் வரலன்னா கூட ரெண்டாவது ஆள் இருப்பாரு, டாக்டர் சும்மா இருக்க மாட்டாரு, ஹாலும் நிறையாது. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தொடக்கப் புள்ளியா இதையே வெச்சு ஆரம்பிக்கலாம், உங்க இடத்துல வராமப் போறவங்க எவ்ளோங்கிறத பாத்து கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கோங்க.

அறிகுறி: ஒரு ரூம் முன்னாடி 30 பேர், பக்கத்து ரூம்ல டாக்டர் போன் பாத்துக்கிட்டு இருக்காரு

தனித்தனி க்யூ வெச்சிருக்கீங்க. ரெண்டு டாக்டர், ரெண்டு பேருக்கும் 80 சதவீத வேலை, 10 நிமிஷம் ஆளுக்கு, தனித்தனி வரிசைன்னா 40 நிமிஷம் காத்திருப்பு. ஒரே வரிசை வெச்சு யாரு ஃப்ரீயோ அவங்ககிட்ட அனுப்புனா சுமார் 18 நிமிஷம். அதே ரெண்டு பேர், அதே வேலை.

"எனக்கு அந்த டாக்டர்தான் வேணும்"னு சொல்றவங்க இருப்பாங்க, அதுல நியாயமும் இருக்கு, நாள்பட்ட வியாதிக்கு ஒரே டாக்டர் பாக்குறது நல்லது. அதனால புது ஆளுங்களுக்கு பொது வரிசை, பழைய ஆளுங்களுக்கு அவங்கவங்க டாக்டர்னு பாதிப் பாதியா போங்க. மேல பிரிச்சு விடச் சொல்லிட்டு இங்க சேக்கச் சொல்றியேன்னு கேக்கலாம். ஒரே மாதிரி வேலைன்னா சேருங்க, 3 நிமிஷ வேலையும் 25 நிமிஷ வேலையும்னா பிரிங்க, ஆனா பிரிச்ச ரெண்டு வரிசைலயும் நாள் முழுக்க ஆள் இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கம் காலியா ஓடும்.

அறிகுறி: கேஷுவாலிட்டில ஸ்ட்ரெச்சர் வராண்டா வரைக்கும் வந்துடுச்சு

கேஷுவாலிட்டில டாக்டர் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இப்ப இங்க படுத்திருக்கவங்கள்ல எத்தன பேருக்கு வைத்தியம் பாத்து அட்மிஷனும் எழுதியாச்சு, மேல வார்டுல பெட் கிடைக்காம இங்க கிடக்குறாங்க? பாதிப் பேர்னு பதில் வந்தா உங்க வியாதி கேஷுவாலிட்டில இல்ல, மூணாவது மாடில இருக்கு. சிங்க்ல தண்ணி தேங்குனா குழாய மாத்த மாட்டோம்ல, அடில அடைப்ப பாப்போம்.

வார்டுக்கு போய் ஒரு பெட்ட மட்டும் நாள் முழுக்க பாருங்க. நான் ஒரு தடவ அப்படி உக்காந்தேன். 10.40-க்கு ரவுண்ட்ஸ்ல "நீங்க வீட்டுக்கு போலாம்"னு சொன்னாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆனது 1.15, ஏன்னா ஜூனியர் டாக்டர் எல்லா பெட்டும் முடிச்சுட்டுதான் உக்காருவாரு, எட்டு சம்மரியும் ஒண்ணா. மிச்ச மருந்து ஃபார்மசிக்கு திரும்பிப் போனது 2 மணி. பில் 3.20. வீட்டு ஆளு வந்தது 4 மணி. பெட் சுத்தம் பண்ணி புது விரிப்பு போட்டப்ப 4.50. அந்த ஆறு மணி நேரமும் அந்தப் பெட்ல வைத்தியம்னு எதுவும் நடக்கல, பேஷண்ட் செருப்பு போட்டுக்கிட்டு பையோட உக்காந்திருந்தாரு. கீழ கேஷுவாலிட்டில காலை 11 மணில இருந்தே பெட்டுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க.

லிட்டில் விதிய இங்க போடுங்க. ஒரு நாளைக்கு 40 டிஸ்சார்ஜ், ஒவ்வொண்ணும் 6 மணி நேரம் தாமதம், 40 × 6 = 240 பெட்-மணி, 24-ஆல வகுத்தா 10. எப்பவும் 10 பெட் யாருக்கும் வைத்தியம் பாக்காம முழுங்கப்படுது. 6-ஐ 3 ஆக்குனா 5 பெட் திரும்பக் கிடைக்கும், ஒரு செங்கல் கூட வெக்காம.

எப்படி 3 ஆக்குறது? நாளைக்கு போவாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு சம்மரிய முந்தின நாள் சாயந்திரமே முக்கால்வாசி எழுதி வைங்க, ரவுண்ட்ஸ்ல போகப் போறவங்கள முதல்ல பாருங்க, எட்டையும் சேத்து முடிக்காம ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ண பில்லிங்குக்கு அனுப்புங்க, வீட்டு ஆளுக்கு முந்தின நாளே போன் பண்ணிடுங்க. இதுல முக்கியமானது ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு அனுப்புறது, குவிச்சு அனுப்புனா பில்லிங்ல மூணு மணிக்கு செயற்கையா ஒரு திருவிழா உருவாகும், அப்புறம் அவங்கள திட்டுவோம்.

அறிகுறி: ஐசியு சராசரியா 70 சதவீதம்தான் நிறையுது, ஆனா வாரத்துல நாலு தடவ "பெட் இல்ல"ன்னு திருப்பி அனுப்புறோம்

ரிப்போர்ட்ல 10 பெட்ல 3 காலின்னு இருக்கும், அத பாத்துட்டு "நல்லா மேனேஜ் பண்ணுங்கப்பா"ன்னு ஒரு அட்வைஸ் வரும். இங்க யாரும் தப்பு பண்ணல, 10-ங்கிற நம்பர் சின்னது, அதான்.

எர்லாங் 1917-ல குடுத்த ஃபார்முலாவுல, வர்ற எல்லாரையும் எடுத்தா சராசரி 8 பெட் தேவைப்படும்ங்கிற இடத்துல 10 பெட் வெச்சிருந்தா, வர்றவங்கள்ல சுமார் 12 சதவீதம் பேருக்கு பெட் கிடைக்காது, எட்டுல ஒருத்தர். அப்பவும் நிறைஞ்சிருக்குற சராசரி 70 சதவீதம்தான். 12 பெட் ஆக்குனா இது சுமார் 5 சதவீதமா இறங்கும். அதுவே பெரிய யூனிட், 40 பெட் தேவைக்கு 50 பெட்னு வைங்க, விகிதம் அதே 80-க்கு 100 தான், ஆனா திருப்பி அனுப்புறது 2 சதவீதத்துக்கும் கீழ, நிறைஞ்சிருக்குறது 78 சதவீதம். பெரிய யூனிட் அதிகமாவும் நிறையுது, கம்மியாவும் திருப்பி அனுப்புது. அதனால எல்லா வார்டுக்கும் "85 சதவீதம் நிறையணும்"னு ஒரே இலக்கு வெச்சா சின்ன யூனிட் செத்துடும். பெட் எத்தன நாள் பிடிச்சு வெக்கிறாங்கங்கிறதுல சராசரி மட்டும்தான் இந்த ஃபார்முலாவுக்கு வேணும், அதனால ரெஜிஸ்டர்ல இருந்தே போட்டுடலாம்.

வழி: பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு சின்ன யூனிட்டுக்கு நடுவுல நாலஞ்சு பெட்ட பொதுவா வைங்க, சிஸ்டர்களுக்கு ரெண்டு பக்க வேலையும் பழக்கி விட்டு. அப்புறம் ஆபரேஷன் லிஸ்ட எடுத்துப் பாருங்க, ஐசியு தேவைப்படுற பெரிய சர்ஜரி எல்லாம் திங்கள் செவ்வாய்லயே குவிஞ்சிருக்கும். ஆக்சிடென்ட் எப்ப வரும்னு நம்ம கைல இல்ல, ஆனா இந்த லிஸ்ட் நம்மளே எழுதுனது. வாரம் முழுக்க பரப்பி விட்டா தானா சில பெட் மூச்சு விடும். சர்ஜன்கள்கிட்ட பேசி இத சாதிக்கிறது தனிக்கலை, கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுட்டு போங்க.

அறிகுறி: ட்ரையாஜ் ஆரம்பிச்சதுல இருந்து சின்ன கேஸ் ஆளுங்க எல்லாம் கத்துறாங்க

கத்தத்தான் செய்வாங்க. ட்ரையாஜ்னா வந்த வரிசைய பாக்காம, யாருக்கு அவசரம்னு பாத்து அவங்கள முதல்ல அனுப்புறது. முன்னுரிமைங்கிறது புது நேரத்த உருவாக்காது, ஒருத்தரோட காத்திருப்ப எடுத்து இன்னொருத்தர் தலைல வெக்கும். நெஞ்சு வலிக்காரர் 5 நிமிஷத்துல உள்ள போறதுக்கு விலைய கை சுளுக்குனவர் குடுக்குறாரு, அது சரியான வியாபாரம்தான், ஆனா அத ஹால்ல எழுதிப் போட்டுச் சொல்லணும்.

சுளுக்கு, தையல் பிரிக்கிறது, சளி இதுக்கெல்லாம் ஒரு ஓரமா தனி ரூம், ஒரு டாக்டரோ அனுபவம் உள்ள நர்ஸோ, கூட்டம் சேர்ற நேரம் மட்டும் போட்டீங்கன்னா இவங்க சீக்கிரம் கிளம்பிடுவாங்க, தலை எண்ணிக்கையும் டக்குனு குறையும். ஆனா ஒண்ண கண்டிப்பா பண்ணணும், காத்திருக்குறவங்கள குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப பாக்கணும். பத்து மணிக்கு "சாதாரண வயித்து வலி"யா இருந்தது பன்னெண்டு மணிக்கும் அப்படியே இருக்குமாங்கிறது க்யூவுக்குத் தெரியாது.

அறிகுறி: லேப் மெஷின் சும்மா இருக்கு, ரிப்போர்ட் மட்டும் லேட்

சாம்பிள் எடுத்துட்டுப் போற அட்டெண்டர் எத்தன மணிக்கு ஒரு தடவ வர்றாருன்னு பாருங்க. மணிக்கு ஒரு தடவைன்னா ட்யூப் ட்ரேல உக்காந்தே சராசரி 30 நிமிஷம் போச்சு, அப்புறம் லேப்ல 40 ட்யூப் ஒண்ணா வந்து இறங்கும், 55 நிமிஷம் சும்மா இருந்த மெஷின் திடீர்னு மூச்சு வாங்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆக்குங்க. புது மெஷின் கேட்டு ஃபைல் போட்டவங்க அந்த ஃபைல திரும்ப வாங்கிக்கலாம்.

அறிகுறி: ஒண்ணுமே பண்ணல, ஆனா காத்திருப்பு நேரம் திடீர்னு குறைஞ்சிடுச்சு

சந்தோஷப்படாதீங்க. டோக்கன் போட்ட எண்ணிக்கையையும் டாக்டர் பாத்த எண்ணிக்கையையும் கழிச்சுப் பாருங்க. நடுவுல வெறுத்துப் போய் கிளம்புனவங்களோட காத்திருப்பு சராசரில சேரவே இல்ல, பொறுமையா இருந்தவங்களும் சீக்கிரம் முடிஞ்சவங்களும் மட்டும்தான் கணக்குல இருக்காங்க. கிளம்புனவங்க சதவீதத்த அந்த நம்பருக்குப் பக்கத்துலயே போடாத ரிப்போர்ட்ட நான் படிக்கிறதே இல்ல.

அறிகுறி: எல்லாம் சரி பண்ணோம், ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப திரும்பவும் அதே கூட்டம்

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, முன்னாடி கூட்டத்த பாத்துட்டு திரும்பிப் போனவங்க எல்லாம் "இப்ப சீக்கிரம் முடியுதாம்"னு வர ஆரம்பிச்சிருப்பாங்க. மணிக்கு வர்றவங்க எண்ணிக்கைய பழசோட ஒப்பிட்டா தெரிஞ்சிடும், கூடியிருந்தா உங்க மாற்றம் தோக்கல, நீங்க கணக்கு போட்ட லோடுதான் பழசாயிடுச்சு, முதல்ல இருந்து போடுங்க.

இன்னொண்ணு, க்யூ இடம் மாறிடுச்சு. சீட்டு கவுண்டர வேகப்படுத்துனா டாக்டர் ரூம் முன்னாடி சேரும், அத சரி பண்ணா ஃபார்மசி ஜன்னல் முன்னாடி சேரும். ஒரு மணி நேரத்துக்கு 40 பேர அனுப்புற கவுண்டருக்கும் 36 பேர அனுப்புற டாக்டர்களுக்கும் அப்புறம் 28 பேருக்கு மட்டும் மருந்து எடுத்துக் குடுக்க முடிஞ்ச ஒரு ஜன்னல் இருந்தா, கடைசில வீட்டுக்கு போறது மணிக்கு 28 பேர்தான், மேல நீங்க எவ்ளோ பாலிஷ் பண்ணாலும். அந்த நாலு கட்டம் போட்ட பேப்பர்ல "மருந்து வாங்குன நேரம்"னு அஞ்சாவது கட்டம் ஒண்ணு சேத்து, ஃபார்மசி ஜன்னல் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க.